நாய்க்கும் ஒரு கடவுச்சீட்டு

நாம் கற்பிக்கும் பாடசாலைக்கு அண்மையில் ஒரு புதிய வீடு எழுந்துள்ளது. நோர்வே நாட்டில் நெடுங்காலம் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, எஞ்சிய வாழ்நாளைப் பிறந்த மண்ணிற் கழிக்க வந்த முதிய தம்பதியரின் வீடு அது. அவர்களோடு ஒரு நாயும் வந்தது. அது வந்த வரலாற்றைப் பெரியவர் நமக்கு விரிவாகச் சொன்னார். சொன்னதோடு அமையாது கோவையொன்றையும் எடுத்துக் காட்டினார். தோலுக்கடியிற் பதித்த நுண்சில்லின் இலக்கம், விசர்நோய்த் தடுப்பூசிச் சான்று, மிருக வைத்தியர் அளித்த சுகாதாரப் பத்திரம், பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி ஆகிய யாவும் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. விமானத்தில் ஏற்றும் கூண்டுக்கும் விதியுண்டு. உள்ளிருக்கும் பிராணி தலைநிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் அதில் இடம் இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த நியதி.

இதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. விசர்நோயின் குறி தோன்றியபின் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். இத்தீவில் அந்நோயைத் தடுக்கும் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கடல் கடந்து வரும் நாய்க்கு ஊசியும் சான்றும் கேட்பது நம் பிள்ளைகளைக் காக்கும் காரியம். வாயில்லாப் பிராணி நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்று உலகம் விதி செய்திருப்பதும் மகிழத்தக்கதே.

ஆயினும் அக்கோவையைப் புரட்டியபோது நம் வகுப்பு மாணவன் ஒருவனின் நினைவு நெஞ்சை அறுத்தது. அவன் தமிழ்நாட்டில், மண்டபம் முகாமிற் பிறந்தவன். இங்குள்ள பிள்ளைகள் நம்மைச் ‘சேர்’ என்று அழைக்க, அவன் ‘சார்’ என்பான், வகுப்பு சிரிக்கும். ‘எமது வளர்ப்புப் பிராணி’ என்று கட்டுரை எழுதப் பணித்தோம். பசு சாதுவான பிராணி என்றும், அதற்கு நான்கு கால்கள் உண்டு என்றும் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வருவதையே பெரும்பாலோர் எழுதினர். அவன் மட்டும் மணி என்ற நாட்டுநாயைப் பற்றி எழுதியிருந்தான். முகாமை விட்டுப் புறப்பட்ட அன்று அதை அயல்வீட்டார் கயிற்றிற் கட்டி வைத்தனர். கட்டாவிடில் அது பேருந்தின் பின்னே ஓடிவரும் என்று அப்பா சொன்னார். கட்டுரை அவ்வளவில் நின்றுவிட்டது.

அவன் தந்தை முகாமில் வாழ்ந்த காலத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவராயிருந்தவர். நாயை அழைத்துவர வழியுண்டா என்று விசாரித்தாராம். சென்னையிலுள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் பத்திரம் ஒருபுறம், பேராதனை அனுமதி மறுபுறம், நாயின் அளவுக்குச் செய்த கூண்டு, சரக்குக் கட்டணம் எனக் கணக்கு வளர்ந்தது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகம் திரும்புவோருக்கு வழங்கும் விமானச் சீட்டு மனிதர்க்குரியது. அம்மனிதர்க்கே பத்திரம் தேடி அவர் அலைந்துகொண்டிருந்தார். முகாமிற் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் வழியே பதிந்தாலன்றி அவர்கள் இந்நாட்டுப் பிரசைகள் ஆகமாட்டார்கள். மூன்று பிள்ளைகளுக்குப் பத்திரம் கிடைத்தபோது நாயைப் பற்றிப் பேச வீட்டில் எவருக்கும் தெம்பிருக்கவில்லை. தலைநிமிர்ந்து நிற்க இடம் வேண்டும் என்ற அந்த நியதியைப் பற்றியும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றில் ஒரு முழுக் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் பத்தடிக்குப் பத்தடி. இளைஞனும் யுவதியும் கிழவியும் அதற்குள் எவ்வாறு இயல்பாகப் படுப்பர் என்று எந்தச் சங்கமும் விதி வகுக்கவில்லை.

மண்டபம் என்ற ஊரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய நாட்களில், இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் அது. கொள்ளைநோயும் அம்மையும் வாந்திபேதியும் கடல் தாண்டக்கூடாதென்று தொழிலாளரை அங்கே சில நாட்கள் தடுத்து வைத்து, சோதித்த பின்னரே கப்பலேற்றினர். இன்று நாய்க்குச் செய்வதை அன்று மனிதருக்குச் செய்தனர். ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயரில் இன்றும் அங்கே புகைவண்டி நிலையம் உண்டு. பின்னர் அதே முகாம் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழரை வரவேற்றது. 1983 க்குப் பின் போருக்கு அஞ்சி ஓடியவரை ஏற்றது. ஒரே வாயில், மூன்று காலம்.

நம் மாணவனின் பாட்டி இம்மூன்றோடும் தொடர்புடையவர். அவர் தந்தை சிறுவனாக மண்டபம் வழியே இலங்கைக்கு வந்தவர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அக்குடும்பத்தை நாடற்றதாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் என்று பங்கிட்டது. பாட்டியின் கணவர் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அக்காளின் கணவர் இந்தியாவுக்கு. ஒரே லயத்தில் வளர்ந்த சகோதரிகள் இரு நாட்டவராயினர். அட்டனிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற அப்புகைவண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர்.

“அக்கா குடும்பம் ஏறுனப்ப நாயும் டேசனுக்கு வந்துருச்சு தம்பி. கோச்சி நகந்ததும் கூடவே ஓடுச்சு. எங்க மட்டும் ஓடுச்சோ தெரியல, லயத்துக்குத் திரும்பி வரல” என்று பாட்டி நமக்குச் சொன்னார். அக்காளைப் பற்றிச் சொன்னபோது கலங்காத குரல் நாயைப் பற்றிச் சொன்னபோது கலங்கியது. துயரம் சிலவேளை இப்படித்தான் வேறு வாயில் தேடும்.

அக்காளுக்கு வழங்கப்பட்ட பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. தாம் ஒருநாளும் கண்டிராத ஊருக்குத் திரும்பியவர் அவர். பாட்டியோ 1977 வன்செயலில் மலையகத்தை விட்டோடிக் கிளிநொச்சி தொண்டமான்நகரில் குடிசை போட்டார். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது பேசாலைக் கரையிற் படகேறினார். அவரும் மண்டபத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். படகில் ஆளுக்கே இடமில்லை. கரையில் நின்ற நாய்களை எவரும் எண்ணவில்லை.

தருமன் நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்று நின்றதைப் பாரதம் படித்தோர் அறிவர். அவனுடன் வழக்காடத் தேவேந்திரனே நேரில் வந்தான். பெயின்ட் அடிப்பவருக்கு அத்தகைய வசதி இல்லை.

மனிதரின் துயரே மலைபோல் இருக்க நாயைப் பற்றி எழுதலாமா என்று நம் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நாயைப் பேணுதல் செல்வரின் விளையாட்டு என்ற எண்ணம் அவருடையது. ஆனால் முகாமின் இரவில் காவல் இருந்ததும், தந்தை வேலை தேடிப் போன நாட்களிற் பிள்ளைகளுக்குத் துணையிருந்ததும் அந்நாய்தான். அயலவரின் கருணையில் வாழும் குடும்பம் தனக்கென்று கொண்ட உடைமை அது ஒன்றே. நோர்வேயிலிருந்து வந்த நாயையும் மண்டபத்தில் நின்ற நாயையும் பிரித்தது நோயன்று. இரண்டுக்கும் ஊசி ஒன்றே, அதுவும் விலை அதிகமில்லாதது. சீட்டும் கூண்டும் வாங்கும் பணமும், எந்தக் கதவைத் தட்டுவது என்ற அறிவும், தட்ட நேரமுமே பிரித்தன. ஒரு குடும்பத்தை நாடு கடத்தவும் திருப்பி அழைக்கவும் இரு அரசுகள் கூடித் திட்டமிடுகையில், முகாமிலேயே ஊசியிட்டு, அங்கேயே சான்று வழங்கி, 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் போன்றதொன்றில் அதற்கும் ஓரிடம் ஒதுக்குவது ஆகாத காரியமல்ல. கேட்பார் இல்லாமையால் அது எவரின் திட்டத்திலும் இல்லை.

மண்டபத்தில் மணியைப் பேணும் அயல்வீட்டாரும் நாடு திரும்ப விண்ணப்பித்திருக்கின்றனர். மாணவன் வாரந்தோறும் அவர்களோடு தொலைபேசியிற் பேசுகிறான். பெரியவரின் கோவையை நாம் வகுப்பில் விளக்கியது முதல், நாய் எப்படியிருக்கிறது என்று கேட்பதை விட்டு, “ஊசி போட்டாச்சா? சீட்டை வாங்கி வச்சீங்களா?” என்றே கேட்கிறான். சென்ற கிழமை முதல் ஊசியின் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, பேராதனைக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘நாட்டுநாய்’ என்பதை எவ்வாறு குறிப்பது என்று நம்மிடம் கேட்டான்.