எதுக்கு ஸ்தோத்திரம்?

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொல்லிவைத்த மாதிரி மூன்று கேள்விகள் வரும்.

முதல் கேள்வி: ‘‘அப்போ பரீட்சை?’’ இதற்குப் பதில் சுலபம். மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1989-ல் ஆரம்பித்தது. பதினாலு வயசு முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள் எழுதி முடித்தால் போதும். ‘‘அட, தெரியாமப் போச்சே!’’ என்பார்கள்.

இரண்டாவது: ‘‘ஃப்ரெண்ட்ஸ்?’’ சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்து பாருங்கள். தெருப்பிள்ளைகளின் சைக்கிள்களைத் தாண்டி உள்ளே வர முடிந்தால் பேசலாம்.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. ‘‘நாள் பூரா பிள்ளைங்களோட... உங்களுக்கு எங்கிருந்துங்க இவ்வளவு பொறுமை?’’

அப்படி ஒன்றும் என்னிடம் ஸ்டாக் இல்லை. ஆனால், காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் நடக்கிற பத்து நிமிஷம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. எங்கள் சின்னவனுக்கு எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. ‘ந’, ‘ன’, ‘ண’ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். இங்கிலீஷில் ‘பி’யும் ‘டி’யும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்ளும். டாக்டர் அதற்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்று பேர் சொன்னார். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது ஆன்லைன் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், ஒரு வரி வாசிக்க அவன் படுகிற பாடு முழுசாகப் புரிந்தது. ‘வேற ஸ்கூல் பாருங்களேன்’ என்று அவன் பள்ளிக்கூடத்தில் பக்குவமாகச் சொன்னார்கள். 2021 ஜூனில் வீடே பள்ளிக்கூடமாகிவிட்டது. ‘‘அவனுக்கு மட்டும்தானா?’’ என்று மூத்தவளும் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வேலையை விட்டேன். வீட்டில் ஒற்றைச் சம்பளம்.

என் மாமியார் நாசரேத் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் டீச்சராக இருந்தவர். ‘‘நான் ஊரான் பிள்ளையை எல்லாம் வீடு வீடாப் போய் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்தவ. என் பேரப்பிள்ளைக வீட்லயா இருக்கும்?’’ என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ‘‘தமிழ் நான் எடுக்கேன். கணக்கு நீ பாத்துக்கோ.’’

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் குடும்ப ஜெபம். பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, அப்புறம் ஸ்தோத்திர நோட்டு. சாதாரண இருநூறு பக்க நோட்டுதான். ஆளுக்கு ஒரு வரி, நன்றி சொல்லி எழுத வேண்டும். மூத்தவள் அதற்கு மூன்று விதி போட்டிருக்கிறாள். ஒன்று, நேற்று நடந்ததாக இருக்கணும். இரண்டு, எழுதினதையே எழுதக் கூடாது. மூன்று, ‘எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்’ என்று எழுதவே கூடாது.

அந்த மூணாவது விதி இருக்கிறதே, பெரியவர்களுக்குத்தான் சிக்கல்! பிறந்ததிலிருந்து ‘சகல நன்மைகளுக்காகவும்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனவர்கள் நாங்கள். ‘எல்லாம்’ கிடையாது என்றதும், நேற்றைய நாளைத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நோட்டைப் புரட்டினால் இப்படியெல்லாம் இருக்கும்: ‘கரண்ட் போனதால் மொட்டை மாடியில் சாப்பிட்டோம்.’ ‘தண்ணி லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது.’ ‘அக்கா திட்டாமல் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள்.’ இந்தக் கடைசி வரி எழுதப்பட்ட அன்று மூத்தவள் முகத்தைப் பார்க்கணுமே! அவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. மறுநாள் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினாள்.

பொறுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, இங்கிருந்துதான். பதினோரு மணிக்குச் சின்னவன் ஒரே வரியை ஐந்தாவது தடவையாகத் தப்பாக வாசிக்கும்போது, எனக்குக் கோபம் சுர்ரென்று வரத்தான் செய்கிறது. ஆனால், நாளைக் காலையில் எழுத ஏதாவது வேண்டுமே! கண் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடினால் கிடைத்துவிடும். நாலு தடவை தப்பாக வாசித்த பையன் ஐந்தாவது தடவையும் முயற்சி பண்ணுகிறான் இல்லையா? அது ஒரு வரி.

மாமியாரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பிடி அரிசி. உலையில் போட அரிசி எடுக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மிச்சம் இருந்தால் கொடுப்பது இல்லை. முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை நாம் சாப்பிடுவது. வடகிழக்கில் மிசோரம் கிறிஸ்தவர்களும் 1910-லிருந்து வீட்டுக்கு வீடு இதைச் செய்துவருகிறார்கள். சபை ஊழியங்கள் பலவற்றை இந்தப் பிடி அரிசிதான் நடத்தியிருக்கிறது.

ஒருநாள் அதுவே கணக்குப் பாடமானது. தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஆச்சியின் பிடி 40 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வாரத்துக்கு 560 கிராம். ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 29 கிலோ 120 கிராம்! கணக்கு நோட்டைக் கண்டாலே வயிற்றுவலி வந்துவிடும் எங்கள் சின்னவன், விரல் விட்டுக் கூட்டிக் கூட்டி இதைக் கண்டுபிடித்துவிட்டு, ‘‘ஒரு மூட்டைல பாதிக்கு மேல போகுதே ஆச்சி! நமக்குக் குறையலியே, எப்படி?’’ என்றான். ஆச்சி சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

எல்லா நாளும் இப்படி இனிப்பாக இருக்குமா? இருக்காது. 2023 ஜூலையில் என் கணவர் வேலை பார்த்த இடத்தில் அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் சம்பளம் இல்லை. வீட்டு வாடகை, மூத்தவளின் பல் வைத்தியம், சின்னவனுக்கு வாசிப்புப் பயிற்சி தருகிறவருக்கு ஃபீஸ்... உங்களுக்குத் தெரியாததா? அந்த நாட்களிலும் எட்டு மணிக்கு நோட்டு வந்துவிடும். ஒருநாள் காலை, சின்னவன் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

‘‘அப்பாவுக்கு வேலை போனதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லணுமா?’’

ஒருத்தரும் பேசவில்லை. என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயசுப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. பெரியவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டு, வெளியே ‘ஆமென்’ சொல்லிவிடுகிற கேள்வி.

மூத்தவளுக்கு அந்த வாரம் தமிழில் வேற்றுமை உருபுகள் பாடம். அவள் வேதப் புத்தகத்தைத் திறந்தாள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். ‘‘ஆச்சி, இங்க ‘எல்லாவற்றிலேயும்’னுதானே இருக்கு? ‘இல்’ உருபு. ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். கஷ்டத்துக்காக நன்றி சொல்லச் சொல்லல. கஷ்டத்துல இருக்கும்போதும் நன்றி சொல்லச் சொல்றார். சரிதானே?’’

எனக்கு அப்பாடா என்றிருந்தது. டீச்சர் விட்டால்தானே! ‘‘எபேசியர் எடு. அஞ்சு இருபது’’ என்றார். எடுத்தால், அங்கே ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று இருக்கிறது. அது நாலாம் வேற்றுமை!

‘‘பவுல் நம்மளை விட மாட்டார் போலிருக்கே’’ என்றார் என் கணவர். பல வாரங்களுக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ‘‘ஏலே, இங்க வா. உங்க தாத்தா போனது 1993-ல. உங்கப்பன் அப்போ எட்டாங்கிளாஸ். அன்னைக்கு ராத்திரியும் ஜெபம் பண்ணினேன். என்ன சொன்னேன் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டாந்தா, அதுக்கு ஸ்தோத்திரம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சது. அவுக போனதுக்காக ஸ்தோத்திரம்னு இத்தனை வருஷத்துல நான் ஒருநாளும் சொன்னதில்ல. எனக்கு இன்னும் அந்த நாலாம் வேற்றுமை வரல. ஏழுலயேதான் நிக்கேன். ஆண்டவர் என்னை ஃபெயிலாக்கிடல. நீயும் வராததை எழுதாத. வந்ததை எழுது.’’

சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் எழுதினான்: ‘அப்பா மத்தியானம் வீட்டில் இருக்கிறார்.’

மாமியாரின் வாயால் கேட்ட பிறகுதான், ஒரு பழைய பாட்டின் கதை எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர் இருந்தார். முப்பது வருஷப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1636 வாக்கில், வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்லும் ஜெபமாக ஒரு நன்றிப் பாட்டு எழுதினார். அடுத்த வருஷம், 1637-ல், ஊருக்குள் கொள்ளைநோய் வந்தது. ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேரை அவர் அடக்கம் செய்ய வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். அதே வருஷம் தன் மனைவியையும் அடக்கம் செய்தார். அந்தப் பாட்டு இன்றைக்கும் உலகம் முழுக்கத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. நான் யோசிப்பது வேறு. நோய் வந்த பிறகு உட்கார்ந்து அப்படி ஒரு பாட்டை எழுத அவரால் முடிந்திருக்குமா? தெரியாது. ஆனால், சாப்பாட்டு மேஜையில் அது முன்பே பழகிப்போயிருந்தது. கஷ்டம் வந்த பிறகு நன்றி சொல்லக் கற்றுக்கொள்ள முடியாது. தண்ணி லாரி சரியாக வருகிற நாட்களிலேயே பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் கணவருக்கு டிசம்பரில் வேறு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, சமாளிக்கிறோம். மூத்தவள் பத்தாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சின்னவனுக்கு இப்போது பதினொன்று. இன்னமும் வரிக்குக் கீழே விரல் வைத்து, எழுத்து எழுத்தாகத்தான் வாசிக்கிறான். நோட்டில் ‘நன்றி’ என்ற சொல்லை மட்டும் நாலு விதமாக எழுதியிருக்கிறான். இலக்கண டீச்சரும் சரி, நானும் சரி, அந்த நோட்டில் சிவப்பு மை படவிடுவதில்லை.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம், கும்பிடாதவராகவும் இருக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாம். இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒன்று சொல்லிப் பாருங்களேன். இட்லி பஞ்சு மாதிரி வந்தது, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, எதுவானாலும் சரி. ‘எல்லாத்துக்கும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மூத்தவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்!