மூன்று பிள்ளைகள், மூன்று புகையிரதங்கள்

கல்முனைக்குப் புகையிரதம் வருவதில்லை. கிழக்கின் இருப்புப்பாதை வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வாழும் எமக்குப் புகையிரதம் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். அதனாலோ என்னவோ, அதன் மீது எம்மவர் பலருக்கு ஒரு தீராத கவர்ச்சி உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மச்சான் ஒருவர் அந்த ஆசையைத் தம் வீட்டு மேல்மாடியில், ஒரு பெரிய பலகையின் மீது தீர்த்துக்கொள்ள முயன்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். வாப்பாவின் விருப்பம் அறிந்து ஆளுக்கொரு மாதிரிப் புகையிரதம் அனுப்பினார்கள். ஜேர்மனியிலிருந்து மேர்க்லின், இங்கிலாந்திலிருந்து ஹோர்ன்பி, கனடாவிலிருந்து ஒரு வட அமெரிக்க இயந்திரமும் டிஜிட்ராக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியும். மூன்றுமே டிஜிட்டல். மூன்றையும் ஒரே பாதையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே மச்சானின் ஆசை. பிள்ளைகள் மூவரும் ஒன்றாக அந்த வீட்டில் பெருநாள் கொண்டாடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஆசையின் கனம் விளங்கும்.

ஆனால் டிஜிட்டல் என்ற ஒரு சொல் பொதுவாக இருந்தால் மட்டும் பொருட்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றினர். ஒரு பாதையில் இரண்டு இயந்திரங்கள் நின்றால் இரண்டுமே ஓடும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரமே கட்டளையையும் சுமந்து செல்லும். இயந்திரத்தினுள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு சுற்று, தன் இலக்கத்துக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்கும்.

ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் இத்தகைய முறையொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே தசாப்தத்தின் இறுதியில், அதே நாட்டின் லென்ஸ் நிறுவனம் வேறொரு முறையை உருவாக்கியது. அமெரிக்காவில் 1935இல் தோன்றிய தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் லென்ஸின் முறையை அடிப்படையாகக் கொண்டு 1990களில் ஒரு பொது நியமத்தை வகுத்தது. டி.சி.சி. என்று அழைக்கப்படுவது அதுவே. எந்த உற்பத்தியாளரும் அதைப் பின்பற்றலாம் என்றானதால் உலகெங்கும் பரவியது.

அந்த நியமத்தின் சாரம் மிக எளிது. ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், மின்சாரம் 58 கூறுக்கு ஒருமுறை திசை மாறினால் அது ‘ஒன்று’. 100 கூறோ அதற்கு மேலோ எடுத்தால் அது ‘பூச்சியம்’. இவற்றைக் கோத்து முகவரி, கட்டளை, பிழை கண்டறியும் எண் என்று அனுப்புகிறார்கள்.

இதனால் இங்கிலாந்தின் இயந்திரமும் கனடாவின் இயந்திரமும் ஒரே பாதையில் ஏறின. ஒன்று 76இல் ஒரு பங்கு, மற்றது 87இல் ஒரு பங்கு. எனினும் இரண்டுக்கும் பாதை அகலம் 16.5 மில்லிமீற்றர்தான். ஏறியதும் ஒரு வேடிக்கை: ஒரே கட்டளைக்கு இரண்டும் சேர்ந்து ஓடின! டி.சி.சி. இயந்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து 3 என்ற முகவரியோடு வருவதே வழக்கம். ஒன்றைத் தனியே வைத்து அதன் இலக்கத்தை 4 ஆக்கியதும் இரண்டும் தத்தம் வழியில் போயின.

ஆயினும் இங்கிலாந்தின் கைப்பிடியைக் கனடாவின் பெட்டியில் செருக முடியவில்லை. தண்டவாளத்தில் ஓடும் மொழியைத்தான் நியமம் பொதுவாக்கியது. கைப்பிடிக்கும் பெட்டிக்கும் இடையிலான மொழி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஹோர்ன்பி லென்ஸின் எக்ஸ்பிரஸ்நெட்டைப் பயன்படுத்துகிறது. டிஜிட்ராக்ஸிடம் தனக்கே உரிய லோகோநெட். இரண்டு பெட்டிகளையும் ஒரே பாதையில் ஒன்றாக இணைத்தால் கருவிகள் பழுதாகிவிடலாம். ஆகவே ஒரு பெட்டிதான் அரசாள முடியும்.

ஜேர்மனியின் இயந்திரமோ அந்தப் பாதையில் ஏறவே இயலாது. மேர்க்லினின் பாதையில் நடுவே மூன்றாவது மின்தொடுகை உண்டு. சக்கரங்களுக்கிடையே மின்காப்பு இல்லாததால், இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் குறுஞ்சுற்று ஏற்படும். அந்நிறுவனத்தின் புதிய டிகோடர்கள் பல டி.சி.சி.யையும் அறியும், ஆனால் மொழி தெரிந்தும் கால் வைக்க இடமில்லை. முடிவில் மச்சான் உள்ளே ஒரு வட்டமும் வெளியே ஒரு வட்டமுமாக அமைத்தார். ஒரே பலகை, இரண்டு பாதை, மூன்று வண்டி.

பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு இது புதிய கதையல்ல. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட செய்தி, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் திறக்கும். இலங்கையில் ஒன்று, தமிழகத்தில் வேறொன்று, புலம்பெயர்ந்தோரிடம் இன்னொன்று என எத்தனை எழுத்துருக் குறியீடுகள்! யுனிகோட் பரவிய பிறகே இலண்டனில் எழுதியதைக் கல்முனையில் தடையின்றி வாசிக்க முடிந்தது. யுனிகோட் யாரையும் ஒரே விசைப்பலகைக்கோ ஒரே எழுத்து வடிவத்துக்கோ கட்டாயப்படுத்தவில்லை. சந்திக்கும் இடத்தில் மட்டும் உடன்பாட்டைக் கேட்டது. டி.சி.சி. தண்டவாளத்தில் செய்ததும் அதுவே. எங்கே உடன்பாடு எட்டப்பட்டதோ அங்கே வண்டி ஓடுகிறது. எட்டப்படாத இடத்தில், எவ்வளவு விலையுயர்ந்த பொருளும் பெட்டிக்குள்ளேயே உறங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து இத்தகைய பரிசு அனுப்ப எண்ணும் அன்பர்கள் முதலில் நான்கு கேள்விகளைக் கேட்டறிவது நல்லது. வீட்டில் உள்ள பாதை இரு தண்டவாளமா, மூன்றாவது மின்தொடுகை கொண்டதா? பாதை அகலம் என்ன? இருக்கும் பெட்டி எந்த முறையைப் பேசுகிறது? மின்வழங்கி எமது 230 வோல்ற்றை ஏற்குமா? வட அமெரிக்காவின் 120 வோல்ற் மின்மாற்றியை இங்கே நேரே செருகினால் எரிந்துபோகும்.

கடற்கரை ஊர்வாசிகளுக்கு இன்னுமொரு குறிப்பு. உப்புக்காற்றில் தண்டவாளம் விரைவில் மங்கும்; தொடுகை கெட்டால் கட்டளை போய்ச் சேராது. மச்சான் நாள்தோறும் அஸருக்குப் பின் மென்துணியால் இரு வட்டங்களையும் துடைத்துவிட்டே வண்டிகளை எடுக்கிறார்.