புதுப்பேட்டையில் உயிர் பிழைக்கும் மாருதி 800!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் புதுப்பேட்டை. கூவம் கரையை ஒட்டிய அந்தச் சின்னப் பகுதிக்குள் நுழைந்ததுமே கிரீஸ் வாசனை வரவேற்கும். கடை வாசலில் பம்பர்கள் குவிந்திருக்கும். கதவுகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மாடிப்படிக்கு அடியில்கூட ஹெட்லைட்டுகள் கிடக்கும்.

இங்கே வருகிறவர்களில் ஒரு ரகத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ரிட்டயரான வயது, கையில் நியூஸ் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒரு பாகம். கடைக்காரர் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே கேட்பார்.

"எந்த வருஷ வண்டி சார்?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்ப கார்புரேட்டர் வண்டி. உள்ள வாங்க."

வண்டியின் பெயரைக் கேட்கவே இல்லை. மாருதி 800 என்று அவருக்குத் தெரியும்!

முதல் கார் என்ற பாசம்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800-ன் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போன எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் முதல் கார்.

2010 ஏப்ரலில் பி.எஸ்.4 மாசு விதி வந்தபோது, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆக, சென்னையில் புதிதாக வாங்கிய 800 எல்லாமே இன்று 15 வயதைத் தாண்டியவை. அதனால்தான் ஒவ்வொரு ரிப்பேரின்போதும் வீட்டில் அந்தப் பேச்சு எழுகிறது. 'இன்னும் இதுக்குச் செலவு பண்ணணுமா? வித்துடலாமா?'

எங்கே வலிக்கும்?

796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அமைப்பு எளிமையானது என்பதால் வரும் கோளாறுகளும் பெரும்பாலும் தெரிந்தவைதான்.

முதல் எதிரி சூடு. சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால், ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபேன் சுவிட்ச், தெர்மோஸ்டாட் போன்றவை சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. 'வீடு பக்கத்துலதானே' என்று அப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் போய்விடும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பிச் சரிசெய்ய, வெளி மெக்கானிக்கிடமே சுமார் 6,000 முதல் 8,000 ரூபாய் ஆகலாம். கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டிகளில் ரேடியேட்டரும் அடைத்திருக்கும்.

அடுத்தது, வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்தில் கேட்கும் 'டக் டக்' சத்தம். ஆக்சிலை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் வருவதற்கு முன்பே பூட்டை மாற்றினால் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தள்ளிப்போட்டால் ஆக்சில் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, ஆனால் வண்டி வேகம் எடுக்கவில்லையா? கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. கூலியோடு சேர்த்து சுமார் 4,000 முதல் 5,000 ரூபாய். டைமிங் பெல்ட்டோ முன்னறிவிப்பே தராமல் அறுந்து, நடுரோட்டில் நிறுத்திவிடும். கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லையென்றால், மாற்றிவிடுவதே நல்லது.

எதைப் பழசாக வாங்கலாம்?

புதுப்பேட்டைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். கதவு, கண்ணாடி, சீட், பம்பர், டேஷ்போர்டு ஆகியவற்றைத் தாராளமாகப் பழசில் வாங்கலாம். டைனமோ, செல்ஃப் மோட்டார் என்றால் கடையிலேயே பேட்டரி இணைத்து ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும்.

பிரேக் பாகங்கள், ஸ்டீயரிங் ஜாயின்ட், டைமிங் பெல்ட், ரப்பர் ஹோஸ் இவற்றை மட்டும் பழசில் வாங்கவே கூடாது. புதிய பாகங்களுக்கு, அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள் இருக்கின்றன. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் பிரேக்கில் விளையாடினால், பணயமாவது பின்சீட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள்!

பழுதான பாகத்தை மாதிரிக்குக் கையோடு எடுத்துப்போவது நல்லது. 2000-க்குப் பிறகு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வந்ததால், ஒரு வருட வண்டியின் பாகம் இன்னொரு வருட வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். எஞ்சினையே மாற்றுவதானால் பில் கட்டாயம். புதிய எஞ்சின் எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புக்கில் பதிய வேண்டும். பில் இல்லாத எஞ்சின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?

அனுபவமுள்ள மெக்கானிக் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் கால் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பார். மழைநீர் தேங்கி அடித்தளம் துருப்பிடித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் முகம் மாறிவிடும். "எஞ்சினைப் பிரிச்சு வேலை பாத்துடலாம் சார். தகடு போயிடுச்சுன்னா டிங்கரிங் பண்ணிக்கிட்டே இருக்கணும்" என்பார்.

வைத்துக்கொள்வதிலும் செலவு உண்டு. சொந்த உபயோக காருக்கு 15 ஆண்டுகள் முடிந்ததும், எஃப்.சி. காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 2025-ல் இது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி.

அடித்தளம் உறுதியாக இருந்து, பிரேக்கும் சரியாக இருந்தால், சின்னச் சின்ன ரிப்பேர்களை அவ்வப்போது பார்த்து இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். தகடு அரித்துப்போயிருந்தால் பாசத்தை ஒதுக்கிவைப்பதுதான் சரி. அப்போதும் காயலான் கடையில் சும்மா தள்ளிவிட்டு வந்துவிடக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் வண்டி போன பிறகும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும்.

புதுப்பேட்டைக் கடையில் நியூஸ் பேப்பர் பொட்டலம் பிரிக்கப்பட்டுவிட்டது. உள்ளே, உடைந்துபோன கதவுக் கைப்பிடி. கடைக்காரர் குவியலுக்குள் கைவிட்டு, அதேபோல் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறார். பெரியவர் அதை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு. வண்டியை விற்கும் பேச்சு, இந்த மாதமும் தள்ளிப்போகிறது!