சிசுவின் எடையும் தாயின் பழியும்

தலைச்சன் சிசு மெலிந்து பிறந்தால் தாயின் ராசியைப் பழிப்பது நம்மவரிடை நெடுங்காலம் ஊறிப்போன வழக்கம். கண்ணேறு என்பர், கிரகம் என்பர், குலதெய்வத்துக்குக் கடன் தீர்க்காத குறை என்பர். கொசு என்று சொன்னாரை நாம் கண்டதில்லை.

நமது பாட்டியார் யுத்தத்திற்கு முன் ஜொகூரில், சிகாமட்டுக்கு அடுத்ததொரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதற் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் குளிர்காய்ச்சல் கண்டு நடுங்கிக் கிடந்தாராம். டிரெசர் கொடுத்த கொயினாவை, "கரு கலைந்து போகும்" என்றஞ்சி மாமியார் கொட்டிவிட்டார். பிறந்த மகவு ஒரு கையில் அடங்கிற்று. பதினோராம் நாள் மாண்டது. அதன்பின் லயத்தில் எந்தச் சுபகாரியத்திற்கும் பாட்டியாரை முன்னிறுத்தினாரில்லை. மாமியாரை மட்டும் நோவதற்கில்லை. கொயினாவைப் பற்றிய அவ்வச்சம் அக்காலத்தே படித்தவரிடையும் இருந்தது. ஆனால் கருவுக்குக் கேடு செய்வது கடுங்காய்ச்சலே. முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கு, 2022 வரை உலக சுகாதார ஸ்தாபனம் விதித்த மருந்தில் அந்தக் கொயினாவே முதன்மையாயிருந்தது.

நோய் செய்யும் வேலை யாது? மலேரியாக் கிருமி தாயின் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குகின்றது. அன்றியும், கொடிய இனமாகிய பால்சிபாரம் நஞ்சுக்கொடியிலேயே சென்று ஒட்டிக்கொள்கின்றது. போஷணை தடைப்படுகின்றது, சிசு 2500 கிராமுக்குக் குறைந்து பிறக்கின்றது. தாய்க்கு மேலே சுரமின்றியும் நஞ்சுக்கொடியில் கிருமி குடியிருக்கலாம். அதனை எதிர்க்கும் சக்தி முந்திய கர்ப்பங்களால் வருவதாகலின், நோய் ஓயாத நாடுகளில் தலைச்சனுக்கே இடர் மிகுதி. பழி சொன்னவர்கள் கண்டதும் தலைச்சனைத்தான், காரணத்தைத்தான் காணவில்லை.

மலாய் நாட்டு மேட்டு நிலங்களில் இந்நோயைப் பரப்பிய அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ரப்பருக்காகக் காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் காட்டியவர்களே அதற்குத் தொட்டில் கட்டினர். 1901-ல் கிள்ளானில் சதுப்பை வடித்து வெற்றி கண்ட டாக்டர் மால்கம் வாட்சன், மலைத் தோட்டங்களில் அதே உபாயம் போதாதென்று கண்டு, நிலத்தடிக் குழாய்களையும் எண்ணெய் தெளித்தலையும் நாடினார். செலவு செய்த தோட்டத்தில் நோய் குறைந்தது. செய்யாத தோட்டத்தில் கொயினாவே கதி.

இலங்கையில் 1934-35-ல் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டபோது, அந்நோய் கண்ட கர்ப்பிணிகளைக் கொழும்பில் டாக்டர் விக்ரமசூரியா ஆராய்ந்து, 1937-ல் நூலாக வெளியிட்டார். ராசியென்று லயத்தார் கூறியதற்குரிய விடை, கடலுக்கப்பால் அச்சேறியே இருந்தது.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. ஆயின், குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி இன்னும் இருக்கின்றது. ஜொகூரில் அதன் ஐயத்துக்குரிய நோயாளியொருவர் 1971-லேயே பதிவாயினர். காட்டோரத்தில் வாழும் கர்ப்பிணிக்குச் சுரம் கண்டால், தாயத்துக்கு ஓடுமுன் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பரிசோதனைக் கண்ணாடியில் நோலெசி வேறோர் இனம்போலத் தோன்றி ஏமாற்றுவதுமுண்டு.