கூட நடக்க ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவர்களுக்கு இரவு நடை புதிதல்ல. நயினாதீவு நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தில், வேலணையிலிருந்து என் அம்மாவும் அவருடைய சகோதரிகளும் இராச் சாப்பாட்டை முடித்த கையோடு கால்நடையாக வெளிக்கிடுவார்கள். புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாதையில் சோழகக் காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். விடியப்புறம் குறிகட்டுவான், பிறகு வள்ளம். இதைவிடப் பெரிய நடையும் நமக்குத் தெரியும். செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து கதிர்காமம் போய்ச் சேரும் அடியார்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்து அனுப்பியவர்கள் நாங்கள்.

அந்த நடைகளில் பெரும்பாலானவை நேர்த்திக்காக நடப்பவை. பிள்ளைக்குச் சுகம் வர வேண்டும், மகளின் கலியாணம் ஒப்பேற வேண்டும், கடலுக்குப் போனவன் கரை சேர வேண்டும். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவரின் வருத்தத்துக்காகவும் காலைத் தேய்க்கலாம் என்பதை 2011 ஆடியில்தான் கண்ணாரக் கண்டேன்.

அந்த ஆண்டு ஜூலை முதலாம் திகதி, இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், முன்னின்று தொடங்கிய நடை அது. 'ட்ரெயில்' என்று பெயர். 27 நாள், 670 கிலோமீட்டர், வடகோடியான பருத்தித்துறை வரை. நாளொன்றுக்குச் சராசரி 25 கிலோமீட்டர் வருகிறது. சேரும் பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்கு. போர் முடிந்து இரண்டே ஆண்டு. தெற்கின் கடைசி முனையில் இருப்பவர்கள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்காக நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நம்பாதவர்கள் பலர். யாழ்ப்பாணத்துக்குள் அவர்கள் வந்த பிறகு நானும் ஒரு துண்டு தூரம் சேர்ந்து நடந்தேன்.

எனக்குப் பக்கத்தில் மாத்தறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். வழியோரம் இருந்து சப்பாத்தைக் கழற்றியபோது பார்த்தேன். குதிக்காலில் கொப்புளம் உடைந்து, ஒட்டியிருந்த பிளாஸ்டரும் கழன்று, காலுறையின் நூல் புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தாள். என் அரைகுறைச் சிங்களத்தில், ஏன் பிள்ளை இந்தப் பாடு, காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாமே என்று கேட்டேன். தன் தாய்க்கு மார்பில் புற்று வந்தபோது வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். "அம்மா தனியாக இருந்துவிட்டா" என்ற ஒரு வசனத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். பிறகு பிளாஸ்டரை மாற்றிக்கொண்டு எழும்பினாள்.

அந்தத் தனிமை எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. 1990இல் போரால் தீவகம் வெறிச்சோடியபோது எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாண நகருக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் என் மாமி ஒருவருக்கு மார்பில் கட்டி இருந்தது. இடம்பெயர்ந்த வீட்டில், பத்துப் பேருக்கு ஒரு கிணறு, ஒரு குசினி என்ற நிலையில், இதையும் சொல்லி யாருக்குச் சுமை கூட்டுவது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, வெளியில் தெரிந்தால் சம்பந்தம் தட்டுப்படும் என்ற பயமும் இருந்தது. கட்டி தோலைத் துளைத்துப் புண்ணான பிறகுதான் தெரிந்தது. அப்போது கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதென்றால் கிளாலிக் கடலைத் தாண்ட வேண்டும். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தது. வெளிச்சம் இல்லாமல், இருட்டில், மீன்பிடி வள்ளத்தில், சூட்டுச் சத்தத்துக்கு நடுவே போகிற கடல் அது. அங்கால் இறங்கினால் சேற்றிலும் மணலிலும் நடை, உழவு இயந்திரம், சைக்கிள், வவுனியாவில் சோதனை, பிறகு ரயில். நோயாளியை இரண்டு பெடியன்கள் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். அயல் வீட்டார்தான், சொந்தமில்லை. மாமி திரும்பி வரவில்லை. ஆனால் அந்தப் பெடியன்கள் கூடப் போனதை எங்கள் குடும்பம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நோயில் மருந்துக்கு முன்னால் வேண்டியது துணை. துணை வர வேண்டுமென்றால் வருத்தம் வெளியே தெரிய வேண்டும். பொத்தி வைத்தவரோடு யார் கூட நடப்பது? நான் இத்தனை வயதுக்குப் பிறகு இளையவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான், மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

அமெரிக்காவில் இரவு முழுதும் நடக்கும் நிதி நடை ஒன்று தொடங்கிய கதையும் இதே இடத்துக்கு வந்து நிற்கிறது. கோர்டி கிளாட் என்பவர் குடற்புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர். 1985 மே மாதம், டக்கோமா நகரில் ஒரு பல்கலைக்கழக மைதானத்தின் ஓடுபாதையில் 24 மணி நேரம் தனியாகச் சுற்றி வந்தார். ஓடியும் நடந்தும் 83 மைல், நம் கணக்கில் 130 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்குப் பணம் சேர்ப்பது நோக்கம். அவரோடு அரை மணி நேரம் கூட வருவதற்கு நண்பர்கள் 25 டொலர் கொடுத்தார்கள். 27,000 டொலர் சேர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து குழுக்கள் சேர்ந்து மாறி மாறி இரவெல்லாம் நடக்கத் தொடங்கின. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. நோயிலிருந்து மீண்டவர்கள் முதல் சுற்றை நடப்பார்கள். இருட்டிய பிறகு, இறந்தவர்களின் பெயர் எழுதிய கடதாசிப் பைகளுக்குள் விளக்கேற்றி ஓடுபாதை நெடுக வைப்பார்கள்.

பணக் கணக்கைவிட அந்த அரை மணி நேரம்தான் என் மனதில் நிற்கிறது. பகலில் கூட வருவதற்கு ஆள் கிடைக்கும். பின்னிரவு மூன்று மணிக்கு வருகிறவர் யார்? புற்றுநோயாளி படுக்கும் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நோவும் பயமும் கூடுவது அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தை ஒருமுறையாவது நித்திரை கொள்ளாமல், காலில் நின்று கடந்தவருக்கு, பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தெல்லிப்பழை மருத்துவமனை எழும்பியது. வடக்குச் சனத்துக்கு மகரகமப் பயணம் பெருமளவு குறைந்தது. 2016இல் அதே நண்பர்கள் எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு 28 நாள் நடந்தார்கள். இந்த முறை காலியில், கராப்பிட்டியவில் புற்றுநோய் மருத்துவமனைக்காக. கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் துணை நின்றார்கள். மஹேலவின் தம்பி பதின்ம வயதில் மூளைப் புற்றால் இறந்தவர். வடக்குக்குத் தெற்கு நடந்த கடனை வடக்கிலிருந்து தொடங்கித் திருப்பிச் செலுத்தியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் தீவகத்துக்கு வேலை முடியவில்லை. நெடுந்தீவில் ஒருவருக்கு வாய்ப்புற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்ச்சிகிச்சை ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு கிழமை போகும். ஒரேயடியாக முழு அளவையும் கொடுத்தால் நல்ல தசையும் வெந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல உயிரணுக்கள் இடைவேளையில் தங்களைத் திருத்திக்கொள்ளும், புற்றணுக்களுக்கு அந்த வல்லமை குறைவு. நாள் தவறவிட்டு இழுபட்டால் அந்த இடைவெளி புற்றுக்கு வாய்ப்பாகிவிடும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடல். அங்கிருந்து யாழ்ப்பாணம் பஸ், பிறகு காங்கேசன்துறை வீதியில் இன்னொரு பஸ். சோழகம் கிளம்பினால் வள்ளம் கட்டிக் கிடக்கும். கடல் மறித்த நாளுக்கு எந்த டொக்டரும் பொறுப்பில்லை. ஆகவே அந்த நோயாளி ஆறு கிழமை கரையில் தங்க வேண்டும். எங்கே? யார் வீட்டில்? கூடப் போகிறவரின் கூலி வேலை என்னாவது? சிகிச்சை இலவசம். சோறும் பாயும் துணையும் இலவசம் இல்லை. பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறிகிறார்கள் என்பது என் கணிப்பு.

இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாயிலும் உதட்டிலும் தொண்டையிலும்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதற்குள் ஒரு கிள்ளு புகையிலை. வந்தவருக்குத் தட்டத்தை நீட்டாமல் அனுப்பாத மண் நம்முடையது. புகையிலைதான் குற்றவாளி, பாக்கு பாவம் என்று நினைக்க வேண்டாம். பாக்கே தனியாகப் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வரையறுத்துப் பல ஆண்டாகிறது. தட்டத்தை ஒரே நாளில் வீட்டைவிட்டு எறியச் சொன்னால் கிழவர்கள் கேட்கமாட்டார்கள். வாயைப் பார்க்கவாவது விடுவார்கள்.

இந்த 'பார்ப்பது' சின்ன விஷயமில்லை. ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் வெள்ளை அங்கியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் என்ற டொக்டரும் அவருடைய குழுவும் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு வீடாக நடந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் இறுகித் திறக்க முடியாமை என்று எதைக் கண்டாலும் டொக்டரிடம் அனுப்பினார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. இதே போன்ற வேலையை 1980களிலேயே இலங்கையில், அடிமட்டச் சுகாதார ஊழியர்களை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். நடக்கக் கால், பார்க்கக் கண், ஒரு ரோச் லைட். இப்படியான ஆராய்ச்சிக்கு நிதி சேர்த்துக் கொடுப்பது தீவகத்துக்குத் தூரத்து விஷயமல்ல.

எனவே பிள்ளைகளிடம், இங்கே இருப்பவர்களிடமும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நடக்கிறவர்களிடமும், ஒரு யோசனை வைக்கிறேன். பங்குனிப் பறுவத்தன்று ஒரு இரவு நடை. அந்த மாதம் காற்று அடங்கிக் கடல் படுத்திருக்கும், நிலவும் துணைக்கு வரும், விடுமுறை நாள் வேறு. பண்ணையில் பொழுதுபட வெளிக்கிட்டால் மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முடியாதவர்கள் வங்களாவடிச் சந்தியோடு நிற்கலாம். அங்கே புது ஆட்கள் சேரலாம். மூன்று மணிக்கு ஒரு ஊர் எழும்பித் தேத்தண்ணீர் தரட்டும். நோயிலிருந்து மீண்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். விருப்பமானால் அவர்கள் முன்னுக்கு நடக்கட்டும், ஊர் அவர்களின் முகத்தைப் பார்க்கட்டும். சேரும் பணத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கு. மற்றப் பங்கில் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் தீவக நோயாளருக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தால் போதும், தொடங்கிவிடலாம்.

காலையில் நெடுந்தீவு வள்ளம் வந்து இறங்கும் நேரத்துக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, பல் டொக்டர் ஒருவர், ஒரு ரோச். நடந்து வந்தவர், வள்ளத்தில் வந்தவர், கடைக்காரர், பஸ் கொண்டக்டர், யாரும் இருந்து வாயைத் திறக்கலாம். என் தலைமுறையில் வெற்றிலை போடாதவர்கள் குறைவு. ஆகவே வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். இரண்டாவதாக யார் என்பதைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு வைக்கட்டும்.