சன்னலுக்குக் குறைத்த அரை மதிப்பெண்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேத்தி ஓர் ஆங்கிலச் சொல்லோடு வந்து, "தாத்தா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். டிஃபெனஸ்ட்ரேஷன். 34 வருடம் தமிழாசிரியனாக இருந்தவன் வாயில் அது நுழையவே இரண்டு நாள் ஆயிற்று. ஒருவரைச் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதாம்! இதற்கென்று ஒரு சொல்லா என்று சிரித்துவிட்டேன்.

லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் சன்னல். இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது பிராக் நகரத்தோடு. 1419-இல் அங்கே நகர்மன்றத்தார் சிலரைச் சன்னலிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். பிறகு 1618 மே 23. பிராக் கோட்டையில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும் சன்னல் வழியே வீசினார்கள். சுமார் 70 அடி உயரம். மூவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கினார் என்றது ஒரு கட்சி, கீழே குப்பைமேடு இருந்தது என்றது மறு கட்சி. செயலாளருக்குப் பின்னால் பிரபுப் பட்டம் கிடைத்தது, 'உயர்ந்த வீழ்ச்சி' என்று பொருள்படும் பெயரோடு! சிரிப்பு அத்தோடு சரி. அதைத் தொட்டு மூண்ட போர் 30 வருடம் நடந்தது.

ஜெர்மானியர் ஃபெனஸ்ட்ராவை 'ஃபென்ஸ்டர்' ஆக்கிக்கொண்டார்கள். ஸ்பானியர் காற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'வென்டானா' என்றார்கள். ஆங்கில 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. பொருள், காற்றின் கண். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் காலதர்! கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் இளங்கோ புகார் மாளிகைகளின் காலதருக்கு மானின் கண்ணை உவமை சொல்கிறார். அங்கேயும் காற்றும் கண்ணும், இங்கேயும் காற்றும் கண்ணும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதில்லை.

போர்த்துக்கீசியர் வழி வேறு. லத்தீனில் 'யானுவா' என்றால் வாசற்கதவு. அதன் சிறு வடிவத்திலிருந்து வந்தது 'ஜனெலா', சின்ன வாசல். (ஜனவரியும் இதே குடும்பம்தான், வாசல் தெய்வம் யானுஸ் பெயரில் வந்தது.) ஜனெலா கப்பலேறி வந்து நமக்குச் சன்னல் ஆனது. வங்காளத்தில் ஜானாலா, சிங்களத்தில் ஜனேலய, இந்தோனேசியாவில் ஜென்டெலா.

இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஒன்றில் ஒரு மாணவி, அம்மா சன்னலோரம் காத்திருந்ததை எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. நான் 'சன்னல்' என்பதை அடித்து, 'பிறமொழிச் சொல்' என்று ஓரத்தில் எழுதி அரை மதிப்பெண் குறைத்தேன். "எங்க வீட்ல அப்படித்தாங்கய்யா சொல்வோம்" என்றாள். "உங்க வீட்டுத் தமிழுக்கு மார்க் கிடையாது" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அதன்பின் அவள் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கட்டுரைகளும் பாதிப் பக்கத்தில் முடிந்தன.

நான் எந்த மேசைமேல் வைத்து, எந்தப் பேனாவால் அதை அடித்தேன்? மேசையும் போர்த்துக்கீசியம், பேனாவும் போர்த்துக்கீசியம். இரண்டுக்கும் பாட்டி லத்தீன். பேத்திக்கு இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அந்த அக்காகிட்ட சொன்னீங்களா தாத்தா?" என்றாள்.

பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாரிடமாவது அவள் எண் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள்.