தேர் திரும்பும் மூலை

ஆடிப்பூரத்துக்கு மறுநாள் தமிழ்ப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் இருக்கும். நீண்டு கிடக்கும் வடம், அதைப் பிடித்த ஆயிரக்கணக்கான கைகள், அண்ணாந்து பார்க்க வைக்கும் அலங்காரத் துணிகள். அந்தப் படத்தை எடுத்தது யார், எந்த இடத்தில் நின்று எடுத்தார், அங்கே நிற்க யாரிடம் கேட்டார் என்று நாம் யோசிப்பதில்லை. பத்திரிகையும் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்தக் கேள்விகளோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்து ராஜபாளையத்துக்கும் போனேன்.

சென்னையில் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்றால் அது ஒரு உத்தியோகம். அடையாள அட்டை உண்டு, அலுவலகம் உண்டு, சம்பளம் உண்டு. சின்ன ஊர்களில் அப்படி இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, பள்ளிக்கூட குரூப் போட்டோ, ரேஷன் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் என்று ஸ்டுடியோ வேலைதான் சோறு போடுகிறது. செய்திப் படம் அதற்கு இடையில் ஓடிப்போய் எடுப்பது. வெளியான படத்துக்குத் தரும் தொகை சில நேரம் பெட்ரோலுக்கே காணாது. நான் சந்தித்தவர்கள் கூலியைப் பற்றியும் ஆசிரியர் குழுக்களைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியதால் அவர்கள் பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர்கள் வரவேண்டிய இடம் அவர்கள் எடுத்த படங்களின் அடி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஊரில் அவர் எல்லோருக்கும் ஸ்டுடியோ அண்ணன். ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். ஊட்டியில் 1960இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளில்தான் கை பழகியிருக்கிறார். முழுச் சுருளையும் ஒரு செய்திக்குச் செலவழிக்கக் கட்டுப்படியாகாது. எடுத்தவரைக்கும் இருட்டறையில் வெட்டிக் கழுவிவிட்டு, மிச்சச் சுருளைத் திரும்பவும் கேமராவில் மாட்டுவார். ஈரம் காயக் காயப் பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்து ஒட்டி, மேலே 'பிரஸ் கவர்' என்று எழுதி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். சுமார் 75 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்ததும் பத்திரிகை அலுவலகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார்.

"மத்தியான பஸ்ஸ விட்டா படம் மறுநா பேப்பர்ல இல்ல தம்பி. அப்ப நாலு தடவ கிளிக் பண்ணுனா, நாலும் யோசிச்சுப் பண்ணுனதுதான்."

தேரைப் பற்றிக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு என்னை ரத வீதிக்குக் கூட்டிப்போனார். திருவிழா இல்லாத நாள். மூலை ஒன்றில் நிறுத்தி, கையை இந்த வீதிக்கும் அந்த வீதிக்குமாகக் காட்டினார்.

"நேரா வரும்போது எடுத்தா தேர் மட்டும்தான் விழும். திரும்புற மூலையிலதான் ஆளு தெரியும்."

அவர் சொன்னது அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. மூலையில் தேர் தானாகத் திரும்பாது. வடத்தைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் புது வீதிக்குள் போயிருப்பார்கள், மீதிப்பேர் இன்னும் பழைய வீதியில் நிற்பார்கள். வடம் வளையும். சக்கரத்தின் ஓரத்தில் முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள் சரியான நொடியில் கட்டையைக் கொடுத்தால்தான் தேர் முகத்தைத் திருப்பும். கொஞ்சம் பிசகினால் கை போகும், உயிரும் போகும். மரத்தில் செதுக்கிய சிற்பங்களையும் சாமியையும் எல்லோரும் எடுக்கிறார்கள். இவர் பல ஆண்டுகளாக எடுத்துவருவது அந்தக் கட்டைக்காரர்களின் முகங்களை. யார் எந்தச் சக்கரத்தில் நிற்பார், யார் கட்டையைப் போடுமுன் ஒருமுறை மேலே பார்ப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் பார்வைக்காகக் காத்திருந்து எடுப்பாராம்.

முன்பெல்லாம் தேர் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். இன்று வாய்க்காத படம் நாளை வாய்க்கும். இப்போது ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது, பின்னாலிருந்து தள்ள எந்திரமும் வந்துவிட்டது, சில மணி நேரத்தில் தேர் நிலையைத் தொட்டுவிடுகிறது. உயிருக்கு ஆபத்து குறைந்திருக்கிறது, அதைவிட நல்லது வேறில்லை. புகைப்படக்காரருக்கு மட்டும் ஒரு மூலைக்கு ஒரே வாய்ப்பு.

அவர் நின்று எடுப்பது மூலை வீட்டு மொட்டை மாடி. விடியுமுன் போய்விடுவார். அந்த வீட்டு அம்மாவின் கல்யாணத்தையும் மகள் கல்யாணத்தையும் எடுத்தவர் இவர்தான். அதனால் மாடிக் கதவு திறக்கிறது. பெரிய லென்ஸோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களை அந்த மாடிக்கு அழைத்துப் போவதும் இவர்தான். தேர் எப்போது அசையும், வெயில் எப்போது முகத்தில் விழும் என்று சொல்லிக் கொடுப்பார். படம் வரும், அவர்கள் பெயரோடு. "அவுக எடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தப் படத்தில் பாதி அறிவு அவருடையது.

ராஜபாளையத்தில் நான் சந்தித்தவர் ஓர் இளம்பெண். கல்லூரி நாட்களில் ஒரு வார இதழின் மாணவர் திட்டத்தில் எழுதவும் படமெடுக்கவும் கற்றவர். கேமராவின் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தது ஸ்டுடியோ அண்ணன். இவருடைய பாடம் தேரோ கோபுரமோ இல்லை, பஞ்சும் நூலும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊரின் காலையும் இரவும் மில் ஷிப்டுகளால் ஆனவை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி. நாட்டின் எந்த மூலையில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அந்த வெள்ளைத் துணி இங்கிருந்து போனதாக இருக்கக்கூடும்.

தறிக்கொட்டகைக்குள் அவரோடு நுழைந்தேன். சத்தத்தில் பேச முடியாது, சைகைதான். காற்றெல்லாம் பஞ்சுத்தூசி. தறி ஓட்டும் பெண்களின் புருவத்திலும் இமையிலும் வெள்ளை படிந்திருந்தது. அவர் லென்ஸை வெளியிலேயே மாற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே கழற்றினால் தூசி சென்சாரில் போய் உட்கார்ந்துவிடும். பிளாஷ் போடவே இல்லை. வெளியே வந்தபிறகு காரணம் சொன்னார்.

"பிளாஷ் அடிச்சா பறக்குற தூசியெல்லாம் வெள்ளப் புள்ளியா விழும் அண்ணே, அக்கா மொகமே தெரியாது. அப்புறம் மீட்டர் சொல்றதயும் அப்படியே கேக்கக் கூடாது. இவ்வளவு வெள்ளத் துணியப் பாத்ததும் வெளிச்சம் அதிகம்னு நெனச்சுக் கொறைக்கும். துணி சாம்பல் கலராயிரும், ஆளு கருத்துப்போயிரும். நாமதான் ஒரு ஸ்டாப் கூட்டணும்."

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. முன்பு ஒரு காலையில், ஜன்னல் வெளிச்சத்தில், துணிக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண்ணை எடுத்து ஒரு நாளிதழுக்கு அனுப்பியிருக்கிறார். மெல்லிய துணி வழியாக முகம் தெரியும் படம். அந்தப் பெண்ணின் பெயர், வயது, எத்தனை தறி பார்க்கிறார் என்று கீழே எழுதியும் இருக்கிறார். அச்சில் வந்தபோது முகம் வெட்டப்பட்டுத் துணி மட்டும் இருந்தது. கீழே 'பேண்டேஜ் துணி உற்பத்தி மும்முரம்' என்று ஒரு வரி. எடுத்தவர் பெயரும் இல்லை, எடுக்கப்பட்டவர் பெயரும் இல்லை.

உழைக்கிறவருக்குப் பத்திரிகையில் எப்போது பெயர் வருகிறது? விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கொடுமையானது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் வெடிவிபத்துகள் நடந்துகொண்டே இருக்கின்றன. விபத்துக்கு மறுநாள் பெயர், வயது, ஊர் எல்லாம் தவறாமல் வரும். கூடவே பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று. அந்தப் படம் எங்கிருந்து வருகிறது? சுற்றுவட்டார ஸ்டுடியோக்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து. வங்கிக் கணக்குக்கோ ரேஷன் கார்டுக்கோ தலைவாரி, பவுடர் போட்டு, நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்த படம்.

ஸ்டுடியோ அண்ணனிடமும் அப்படி வந்து கேட்டிருக்கிறார்கள். வீட்டாரைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்பது அவர் வைத்திருக்கும் கட்டுப்பாடு. துக்க வீட்டுக்கு நடந்தே போய், ஆண்கள் கூட்டத்தில் யாராவது ஒரு சித்தப்பாவைத் தனியே அழைத்துக் கேட்டுவிட்டு வந்து கொடுப்பார். அவசரத்தில் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வந்தாலும் அப்படித்தான். விபத்து நடந்த இடத்தில் அவர் வெகுதூரத்தில் நின்றே எடுப்பார். ஒரு ஷெட் வெடித்தால் பக்கத்து ஷெட்டும் வெடிக்கலாம். முதலிப்பட்டியில் பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்களும் உயிரிழந்தார்கள். எரிந்த உடல்களை அவர் அனுப்பியதே இல்லை. இதையெல்லாம் எந்த இதழியல் வகுப்பிலும் அவர் கற்கவில்லை. நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டிய மனிதர் அவர்.

இதே தென்மாவட்டங்களிலிருந்து போய் உலகத்தின் கண்ணில் பட்டவர்கள் இருக்கிறார்கள். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையும் வீட்டையுமே படமாக்கியவர். மதுரை ஜவஹர்லால்புரத்தில் பிறந்த எம். பழனிக்குமார், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பழனிக்குமாரின் பெற்றோர் மீன் விற்றவர்கள். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் பழனிக்குமார் எடுக்கும் படங்களை நான் விடாமல் பார்ப்பவன். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்கள். படத்தில் இருப்பவரின் பெயர் அங்கே படத்தோடு வருகிறது. உயிரோடு, வேலையில் இருக்கும்போதே வருகிறது. 2022இல் பழனிக்குமாருக்கு தயானிதா சிங் பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. ராஜபாளையத்துப் பெண் தன் போனில் அந்தப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். "படத்துக்குக் கீழ பேரு போடுறது ஒரு பெரிய விஷயமாண்ணே? ஒரு வரிதான்" என்றார். ஒரு வரிதான். தினசரிகளும் வார இதழ்களும் அந்த ஒரு வரியை எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஸ்டுடியோ அண்ணனின் மாடி அறையில் மரப்பெட்டிகளில் நெகட்டிவ்கள் கிடக்கின்றன. திறந்தால் புளித்த வாடை. ஃபிலிம் சிதையத் தொடங்கியதற்கு அடையாளம் அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லி முதலானோர் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவமாக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணை நின்றது. மகத்தான வேலை. ஆனால் ஒவ்வொரு ஊர்ப் பெட்டிக்கும் அவர்களே வந்து சேர முடியாது.

அதனால் இவர்களே தொடங்கிவிட்டார்கள். விடுமுறை நாட்களில் அந்தப் பெண் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். லைட் பெட்டியில் நெகட்டிவை வைத்துக் கேமராவால் மறுபடி எடுக்கிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுகிறார்: வருஷம், வீதி, ஆள். நான் போயிருந்தபோது பழைய தேர்ப் படம் ஒன்று திரையில் இருந்தது. சக்கரத்தருகே நால்வர், கையில் முட்டுக்கட்டை. மூன்று பேரின் பெயரையும் தகப்பன் பெயரையும் அவர் தயங்காமல் சொன்னார். நான்காவது ஆளின் பெயர் வரவில்லை. "மகன் தெக்கு ரத வீதியில கடை வச்சிருக்கான், சாயந்தரம் கேட்டுச் சொல்றேன், அந்த எடத்த மட்டும் விட்டு வையி பாப்பா" என்றார்.